வலை பின்னும் கூடத்துக்கு வைஃபை வருமா? பழைய ரவுட்டருக்குப் புது ஃபார்ம்வேர்: ஒரு முழு விளக்கம்

"தம்பி, வைஃபை பாஸ்வேர்டு என்னப்பா?"

அலுவலகம்னு ஒண்ணு இருந்தா இந்தக் கேள்வி வராம இருக்காது. ஊரே வந்து போகும் இடம் என்றால் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது வரும்.

ஒரு சின்ன அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கம். ஒரே அறை, ஒரு கணினி, ஒரு பிரிண்டர். மூலையில் ஃபைபர் இணைப்புக்கான பெட்டி. அதிலிருந்து ஒரு கேபிள் நேராகக் கணினிக்குப் போகிறது. இன்டர்நெட் அந்த மேஜையோடு முடிந்துவிடுகிறது. முப்பது மீட்டர் தள்ளி வலை பின்னும் கூடம். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் கையில் எல்லாம் ஸ்மார்ட்போன். மேஜை டிராயரில் சில வருடங்களுக்கு முன்பு வாங்கிய ரவுட்டர் ஒன்று தூசி படிந்து கிடக்கிறது.

இது எந்தக் குறிப்பிட்ட அலுவலகமும் அல்ல. ஆனால் உங்கள் ஊர் டியூஷன் சென்டரோ, மகளிர் சுயஉதவிக் குழு அலுவலகமோ, இரண்டு பேர் வேலை செய்யும் ஸ்டார்ட்அப்போ கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். டிராயரில் கிடக்கும் அந்தப் பழைய பெட்டியை வைத்தே கூடம் வரை வைஃபை கொண்டுபோக முடியுமா? பெரும்பாலும் முடியும். அதற்கு அதன் மென்பொருளை மாற்ற வேண்டும். அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

ஏன் பழவேற்காட்டை எடுத்துக்கொண்டோம்?

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், தமிழ்நாடு-ஆந்திர எல்லையில் விரிந்து கிடக்கிறது பழவேற்காடு ஏரி. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா தீவு. ராக்கெட் ஏவும் நாட்களில் சுற்றியுள்ள மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கான நிவாரணம், படகுப் பதிவு, காப்பீடு என எதற்குப் போனாலும் ஆதார் நகல், வங்கி பாஸ்புக் நகல், ஆன்லைன் விண்ணப்பம்.

இன்னொரு பக்கம் ஹைதராபாத்தில் உள்ள 'இன்காய்ஸ்' எனப்படும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம். அலை உயரம், காற்று வேகம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள கடல் பகுதி ஆகியவற்றை அது தொடர்ந்து வெளியிடுகிறது. கடலுக்குக் கிளம்பும் முன் பார்க்க வேண்டிய தகவல்கள் இவை.

"எல்லார்கிட்டயும் மொபைல் டேட்டா இருக்கே, எதுக்கு வைஃபை?" நியாயமான கேள்வி. ஆனால் அலுவலக ஃபைபர் இணைப்புக்கு மாசம் ஒரு தொகை கட்டியாகிவிட்டது. அதை ஒரே ஒரு கணினி மட்டும் பயன்படுத்துவது வீண். அதே நேரம், அந்தக் கணினிக்குள் ஊர் மக்களின் ஆதார் நகலும் வங்கி விவரமும் இருக்கின்றன. எனவே வைஃபையைத் திறந்துவிடுவதோடு வேலை முடியாது. கணினி இருக்கும் பக்கத்தைப் பூட்டியும் வைக்க வேண்டும். சாதாரண பழைய ரவுட்டரில் இந்த இரண்டாவது வேலைதான் பெரும்பாலும் நடக்காது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த வைஃபை கரை வரைதான். கடலுக்குள் போன படகுக்கு இது உதவாது. அதற்கு விஹெச்எஃப் ரேடியோவும், 2019-ல் அறிமுகமான 'ஜெமினி' போன்ற செயற்கைக்கோள் வழி எச்சரிக்கைக் கருவிகளும்தான் வழி.

ஃபார்ம்வேர் என்றால் என்ன?

ரவுட்டரைப் பலர் ஒரு பிளாஸ்டிக் டப்பா என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு குட்டிக் கணினி. பிராசஸர் உண்டு, ரேம் உண்டு, மென்பொருளைச் சேமிக்க ஃப்ளாஷ் மெமரியும் உண்டு. அதில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும் இயங்குதளம்தான் ஃபார்ம்வேர். போனுக்கு ஆண்ட்ராய்டு எப்படியோ, ரவுட்டருக்கு இது அப்படி.

சிக்கல் என்னவென்றால், விலை குறைந்த ரவுட்டர்களுக்கு நிறுவனங்கள் சில வருடங்களில் அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிடும். பெட்டி நன்றாகத்தான் ஓடும். ஆனால் அதன் பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாமல் அப்படியே கிடக்கும். 2018 மே மாதம் 'விபிஎன்ஃபில்டர்' என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களையும் சேமிப்புக் கருவிகளையும் பிடித்தது வெளியானது. அதில் பெரும்பாலானவை வீடுகளிலும் சின்ன அலுவலகங்களிலும் இருந்த சாதாரணப் பெட்டிகள்.

இங்கேதான் கஸ்டம் ஃபார்ம்வேர் வருகிறது. நிறுவனம் போட்டுக்கொடுத்த மென்பொருளை எடுத்துவிட்டு, தன்னார்வலர்கள் உருவாக்கிய திறமூல மென்பொருளைப் போடுவது. அதில் முக்கியமானது 'ஓபன்டபிள்யூஆர்டி'. முழுக்க இலவசம்.

ஒரு நீல நிறப் பெட்டியின் கதை

அந்தப் பெயரில் வரும் 'டபிள்யூஆர்டி' எங்கிருந்து வந்தது? 2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் 'டபிள்யூஆர்டி54ஜி' என்ற ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீலமும் கறுப்பும் கலந்த, இரண்டு ஆன்டெனா வைத்த பெட்டி. 2003 ஜூனில் ஆண்ட்ரூ மிக்லாஸ் என்ற நிரலாளர், அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்று லினக்ஸ் உருவாக்குநர்களுக்குச் சுட்டிக்காட்டினார்.

லினக்ஸை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆனால் அதை மாற்றி விற்றால், மாற்றிய நிரலையும் வெளியிட வேண்டும் என்பது அதன் ஜிபிஎல் உரிமத்தின் நிபந்தனை. லிங்க்சிஸ் அதைச் செய்திருக்கவில்லை. அழுத்தம் கூடியதும், அந்த ஆண்டே நிரல் வெளியிடப்பட்டது. அதை வைத்துக்கொண்டு 2004 ஜனவரியில் தொடங்கிய திட்டம்தான் ஓபன்டபிள்யூஆர்டி. இன்று ஏராளமான நிறுவனங்களின் ரவுட்டர்களில் அது ஓடுகிறது. 2024 நவம்பரில் 'ஓபன்டபிள்யூஆர்டி ஒன்' என்ற சொந்த ரவுட்டரே வந்துவிட்டது.

உங்கள் ரவுட்டர் இதற்கு ஒத்துவருமா?

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் மாடல் எண்ணும், அதற்குப் பக்கத்தில் வெர்ஷன் எண்ணும் இருக்கும். பலர் கோட்டை விடுவது இந்த வெர்ஷன் எண்ணில்தான்.

உதாரணத்துக்கு, இந்தியாவில் பரவலாக விற்ற டிபி-லிங்க் 'டிஎல்-டபிள்யூஆர்841என்'. ஒரே பெயர், ஒரே மாதிரி வெள்ளைப் பெட்டி. ஆனால் அதில் 14 வெர்ஷன்கள் வரை வந்துள்ளன. சிலவற்றில் சிப்பே வேறு, மெமரி அளவும் வேறு. ஒரு வெர்ஷனுக்கான ஃபைலை இன்னொன்றில் போட்டால் ரவுட்டர் எழுந்திருக்காது.

அடுத்தது மெமரி. வெறும் 4 எம்பி ஃப்ளாஷும் 32 எம்பி ரேமும் உள்ள பழைய பெட்டிகளுக்குப் புதிய ஓபன்டபிள்யூஆர்டி பதிப்புகள் வருவதில்லை. 8 எம்பி ஃப்ளாஷ், 64 எம்பி ரேம் இருந்தால் தட்டுத்தடுமாறி ஓடும். 16 எம்பியும் 128 எம்பியும் இருந்தால் நிம்மதி. உங்கள் மாடல் எந்தப் பக்கம் என்பதை ஓபன்டபிள்யூஆர்டி தளத்தில் உள்ள கருவிகள் பட்டியலில் தேடினால் தெரிந்துவிடும். பட்டியலில் இல்லையா? அதோடு விட்டுவிடுங்கள். வேறு ரவுட்டர் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொன்று. இணைப்பு கொடுத்த நிறுவனம் சுவரில் மாட்டிவிட்டுப் போன ஃபைபர் பெட்டியில் கை வைக்காதீர்கள். அது அவர்களுடையது. நாம் மாற்றப்போவது, அதற்குப் பின்னால் கேபிளில் இணைக்கப்போகும் நம்ம சொந்த ரவுட்டரை மட்டும்.

ஃபார்ம்வேர் மாற்றுவது எப்படி?

1. உங்கள் மாடலுக்கும் வெர்ஷனுக்கும் உரிய ஃபைலை ஓபன்டபிள்யூஆர்டி தளத்திலிருந்து இறக்குங்கள். இரண்டு வகை ஃபைல் இருக்கும். முதல்முறை மாற்றுபவர்களுக்கு 'ஃபேக்டரி'. ஏற்கெனவே ஓபன்டபிள்யூஆர்டி உள்ளவர்களுக்கு 'சிஸ்அப்கிரேடு'.

2. இறக்கிய ஃபைலின் செக்சம் எண்ணைத் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் திரும்ப இறக்குங்கள். பாதியில் அறுந்த டவுன்லோடு ரவுட்டரைக் கொன்றுவிடும்.

3. பழைய செட்டிங்ஸ் பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முன்பு இதே ரவுட்டரில் இன்டர்நெட் யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

4. லேப்டாப்பை லேன் கேபிளில் இணையுங்கள். வைஃபை வழியாக இந்த வேலையைச் செய்யவே கூடாது.

5. ரவுட்டரின் பழைய செட்டிங்ஸில் உள்ள 'ஃபார்ம்வேர் அப்கிரேடு' பக்கத்துக்குப் போய் அந்த ஃபைலைக் கொடுங்கள். பிறகு ஐந்து நிமிடம் எதையும் தொடாதீர்கள். நடுவில் கரன்ட் போனால் கதை கந்தல். கரன்ட் நிலையாக இருக்கும் நேரம் பார்த்து, முடிந்தால் யுபிஎஸ்ஸில் வைத்து செய்யுங்கள்.

6. பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் 'லூசி' என்ற புதிய பக்கம் திறக்கும். யூசர்நேம் 'ரூட்'. பாஸ்வேர்டு காலி. முதல் வேலையாக ஒரு வலுவான பாஸ்வேர்டு வையுங்கள்.

இந்த இடத்தில் பலர் பதறுவார்கள். "ஐயோ, வைஃபையே காணோமே!" பயப்பட வேண்டாம். ஓபன்டபிள்யூஆர்டி போட்டதும் பெரும்பாலான ரவுட்டர்களில் வைஃபை அணைந்துதான் இருக்கும். பாஸ்வேர்டு இல்லாமல் ஊருக்கே திறந்து கிடக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நாமே ஆன் செய்ய வேண்டும்.

ரவுட்டர் எழுந்திருக்கவே இல்லையா? இதைத்தான் 'பிரிக்' ஆகிவிட்டது, அதாவது செங்கல் ஆகிவிட்டது என்பார்கள். பல மாடல்களில் ரீசெட் பட்டனை அழுத்தியபடி ஆன் செய்து, கேபிள் வழியாக ஃபார்ம்வேரைத் திரும்ப ஏற்றும் வசதி உண்டு. உங்கள் மாடலுக்கு அந்த வழி என்ன என்பதைத் தொடங்கும் முன்பே படித்து வைத்துவிடுங்கள். இந்த வேலைக்குப் பிறகு வாரன்ட்டியை நம்ப முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அலுவலக நெட்வொர்க்கில் இதை எப்படிச் சேர்ப்பது?

ஃபைபர் பெட்டி ஏற்கெனவே எல்லாக் கருவிகளுக்கும் ஐபி முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறது. நம் பழைய ரவுட்டரும் அதே வேலையைச் செய்தால் ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணோடு இரண்டு வீடு மாதிரி ஆகிவிடும். எனவே இதை வெறும் 'ஆக்சஸ் பாயின்ட்' ஆக்க வேண்டும். அதாவது கேபிளில் வருவதை வைஃபையாக மாற்றித் தருவது மட்டுமே அதன் வேலை.

ஃபைபர் பெட்டியின் முகவரி 192.168.1.1 என்றால், நம் ரவுட்டருக்கு 192.168.1.2 கொடுங்கள். அந்த முகவரியை ஃபைபர் பெட்டி வேறு கருவிக்குக் கொடுத்துவிடாதபடி அதன் பட்டியலுக்கு வெளியே வையுங்கள். கேட்வே, டிஎன்எஸ் இரண்டுக்கும் ஃபைபர் பெட்டியின் முகவரியைப் போடுங்கள். லேன் பகுதியில் டிஹெச்சிபியை அணையுங்கள். கடைசியாக ஃபைபர் பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து இதன் லேன் போர்ட்டுக்கு ஒரு கேபிள். இதன் வான் போர்ட் காலியாகவே இருக்கட்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஐபி மாற்றி சேவ் செய்ததும், 90 விநாடிக்குள் புதிய முகவரியில் நீங்கள் உள்ளே வரவில்லை என்றால் லூசி பழைய செட்டிங்ஸுக்கே திரும்பிவிடும். நீங்கள் பூட்டிக்கொண்டு வெளியே நிற்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் இது தெரியாதவர்கள் "சேவ் பண்றேன், சேவ் ஆகவே மாட்டேங்குது" என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். புதிய முகவரியை உடனே பிரவுசரில் அடியுங்கள், அல்லது சோதிக்காமல் சேவ் செய்யும் தேர்வைக் கொடுங்கள்.

வைஃபை செட்டிங்ஸில் நாடு 'இந்தியா' என்று தேர்ந்தெடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஒன்று. அந்த மூன்றுதான் ஒன்றோடொன்று மோதாதவை. சுவர் தாண்டிக் கூடம் வரை போக 2.4 ஏற்றது. அறைக்குள் வேகம் வேண்டும் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ். ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைக்காமல், கூடத்தைப் பார்த்த ஜன்னலோரம் உயரத்தில் வையுங்கள். இந்த ஒரு மாற்றமே பாதி வேலையை முடித்துவிடும்.

கெஸ்ட் வைஃபை: இங்கேதான் கவனம் தேவை

இப்போது இரண்டு வைஃபை பெயர்கள் வேண்டும். ஒன்று அலுவலகத்துக்கு, இன்னொன்று ஊருக்கு. ஒரே பெட்டியிலேயே இரண்டையும் ஓட்டலாம்.

ஊர் வைஃபைக்கு 192.168.3.1 என்று தனி நெட்வொர்க், தனி டிஹெச்சிபி, தனி ஃபயர்வால் பகுதி உருவாக்க வேண்டும். அந்தப் பகுதியிலிருந்து லேனுக்குப் போக அனுமதியும், லேன் பகுதியில் 'மாஸ்கரேடிங்' தேர்வும் கொடுத்தால் இன்டர்நெட் வந்துவிடும். "வந்துடுச்சு, முடிஞ்சது" என்று இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். தப்பு அங்கேதான். நம் ரவுட்டர் ஆக்சஸ் பாயின்ட்டாக இருப்பதால், கெஸ்ட் போன்களின் டேட்டாவும் அலுவலக லேன் வழியாகத்தான் வெளியே போகிறது. தடுக்காவிட்டால் கெஸ்ட் வைஃபையில் இருப்பவர் அலுவலகக் கணினியையும் பிரிண்டரையும் எட்டிப் பார்க்க முடியும். எனவே கெஸ்ட் பகுதியிலிருந்து 192.168.1.0/24 என்ற அலுவலக முகவரிகளுக்குப் போகும் எதையும் 'ரிஜெக்ட்' செய்யும் விதியைச் சேர்க்க வேண்டும். கூடவே கெஸ்ட் போன்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி 'ஐசொலேட்' தேர்வையும் போட்டுவிடுங்கள்.

சரியாகச் செய்தோமா என்று எப்படித் தெரியும்? போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, கெஸ்ட் வைஃபையில் சேர்ந்து, பிரவுசரில் 192.168.1.1 அடியுங்கள். ஃபைபர் பெட்டியின் லாகின் பக்கம் திறந்தால் வேலை இன்னும் முடியவில்லை. அது திறக்காமல், செய்தித் தளம் மட்டும் திறந்தால் சரி. பிரிண்டரின் முகவரியையும் இதே மாதிரி சோதித்துவிடுங்கள். இந்தச் சோதனை இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல் பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதீர்கள்.

கூடத்தில் ஒருவர் வீடியோ பார்த்தால் அலுவலகத்தில் விண்ணப்பம் சுற்றிக்கொண்டே நிற்கும். அதற்கு 'எஸ்கியூஎம்' என்ற பேக்கேஜ் உண்டு. கெஸ்ட் பக்கத்துக்கு ஒரு வேக வரம்பு வைத்துவிடலாம். அதற்கும் ரவுட்டரில் கொஞ்சம் மெமரி மிச்சம் வேண்டும்.

ஏரிக்கு அந்தப் பக்கம் வரை கொண்டுபோக முடியுமா?

முடியும். ஆனால் அது வேறு ஆட்டம். இரண்டு பக்கமும் திசை ஆன்டெனா வேண்டும், நடுவில் மறைப்பு இருக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. ரேடியோ அலை நேர்கோடு மாதிரி போகாமல், நடுவில் புடைத்த பாக்கு வடிவில் போகும். 3 கிலோமீட்டர் தூரத்துக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்தப் புடைப்பின் ஆரம் நடுவில் கிட்டத்தட்ட 10 மீட்டர். அதில் 60 சதவீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது பொது விதி. அதாவது தண்ணீருக்கு மேல் சுமார் 6 மீட்டர் உயரத்தில் பாதை போக வேண்டும். 5.8 கிகாஹெர்ட்ஸ் என்றால் 4 மீட்டர் போதும். தண்ணீர் கண்ணாடி மாதிரி அலையைத் திருப்பி அடிக்கும் என்பதால், நீர்மட்டம் மாறும்போது சிக்னலும் மாறும்.

தூரத்தில் இன்னொரு பிரச்சினையும் உண்டு. வைஃபை ஒவ்வொரு முறை டேட்டா அனுப்பியதும் "கிடைச்சுது" என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு நேரம் அறை, வீடு அளவுக்குத்தான் கணக்கிடப்பட்டது. பதில் தாமதமானால் தொலைந்துவிட்டதாக நினைத்துத் திரும்ப அனுப்பும். ஓபன்டபிள்யூஆர்டியில் தூரத்தை மீட்டரில் கொடுக்கும் செட்டிங் இருக்கிறது. அதை நிரப்பினால் காத்திருப்பு நேரம் கூடும்.

தேனியில் இதற்கு இன்னும் பெரிய தீர்வு கண்டார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான 'டையர்' குழு, அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்து 2000-களின் நடுப்பகுதியில் தேனியைச் சுற்றியுள்ள ஊர்களின் கண் பரிசோதனை மையங்களை நெடுந்தூர வைஃபையால் இணைத்தது. மையத்தில் உட்கார்ந்த நோயாளியை, தேனியில் இருக்கும் மருத்துவர் வீடியோவில் பார்த்துப் பேசினார். வன்பொருள் கடையில் கிடைக்கும் சாதாரண வைஃபை கார்டுதான். மாற்றியது மென்பொருளை. எல்லோரும் முண்டியடிக்காமல், இந்த முனை இவ்வளவு நேரம், அந்த முனை இவ்வளவு நேரம் என்று முறைவைத்துப் பேச வைத்தார்கள். 2007-ல் 'வைல்ட்நெட்' என்ற பெயரில் இந்த ஆய்வு வெளியானது.

பழவேற்காட்டுக்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஏரியில் எந்த இடத்தில் யார் எப்போது வலை கட்டுவது என்பதைச் சீட்டுப்போட்டு, முறைவைத்துப் பகிரும் 'பாடு' வழக்கம் அங்கே தலைமுறைகளாக இருக்கிறது. ஆனால் பாட்டில் இடமில்லாதவர்களும் அதே ஏரிக்கரையில்தான் வாழ்கிறார்கள். ஊர் வைஃபையிலும் இந்தக் கேள்வி வரும். பாஸ்வேர்டு யாருக்கு, யாருக்கு இல்லை என்பதை எந்த மென்பொருளும் முடிவு செய்யாது. சங்கம்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

கரன்ட், உப்புக்காற்று, குரங்கு

இமாச்சலின் தர்மசாலாவில் 2005-ல் 'ஏர்ஜால்டி' என்ற வைஃபை வலையமைப்பு உருவானது. அதே நீலப் பெட்டி ரவுட்டர்களில் ஃபார்ம்வேரை மாற்றி, மலையெங்கும் நட்டு வைத்தார்கள். அங்கே ஆன்டெனாக்களில் ஊஞ்சலாடிய குரங்குகள் ஒரு தலைவலி. ஆனால் அதைவிடப் பெரிய எதிரி தரமில்லாத மின்சாரம். தேனி, தர்மசாலா அனுபவங்களை வைத்து 2008-ல் வெளியான ஆய்வும் இதைத்தான் சொன்னது. மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் பவர் அடாப்டர்கள் எரிந்தன, மெமரி கார்டுகள் கெட்டன.

எனவே நல்ல சர்ஜ் புரொடெக்டர் முதல் செலவு. பெரும்பாலான ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை என்பதால் சின்ன யுபிஎஸ் போதும். 5 வாட் எடுக்கும் ரவுட்டருக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி 16 மணி நேரம் வரும். லெட்-ஆசிட் பேட்டரியை முழுக்கக் காலி செய்யக் கூடாது என்பதால் 8 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஃபைபர் பெட்டிக்கும் பேக்கப் இருந்தால்தான் இன்டர்நெட் இருக்கும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கடலோரத்தில் உப்புக்காற்று உலோகத்தைத் தின்னும். வெளியே மாட்டுவது என்றால் அதற்கென்றே செய்த கருவிதான் வேண்டும். கேபிள் முனைகளைத் தண்ணீர் புகாத டேப்பால் சுற்றுங்கள். உள்ளறை ரவுட்டரை பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டு வெளியே தொங்கவிட்டால் வெயிலில் வெந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த இந்தியாவில் 2005 ஜனவரியில் அனுமதி வந்தது. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸை வெளியிடங்களிலும் பயன்படுத்த வழி பிறந்தது. ஆனால் சக்தி வரம்பு உண்டு. 2.4-ல் ஆன்டெனாவையும் சேர்த்து 4 வாட்தான். கஸ்டம் ஃபார்ம்வேரில் நாட்டை மாற்றிப் போட்டு சக்தியைக் கூட்டும் 'ட்ரிக்' வீடியோக்கள் கிடைக்கும். செய்யாதீர்கள். 5 கிகாஹெர்ட்ஸின் சில சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடாரைக் கேட்டால் ரவுட்டர் தானாக வேறு சேனலுக்கு விலகும். ஸ்ரீஹரிகோட்டா எதிர்க்கரையில் இருக்கும் ஊரில் அந்த வசதியை முடக்குவது விளையாட்டு அல்ல.

திறந்த வைஃபையும் ஆபத்து. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்பு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் பாதுகாப்பில்லாத வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. விசாரணை முதலில் போய் நின்றது அந்த வீட்டு வாசலில். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை வைஃபை பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தது. உங்கள் இணைப்பில் யார் என்ன செய்தாலும் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும். எனவே கெஸ்ட் வைஃபைக்கும் பாஸ்வேர்டு கட்டாயம். தெரிந்தவர்களைத் தாண்டிப் பொதுமக்களுக்கே கொடுப்பது என்றால், 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 'பிஎம்-வாணி' திட்டம் இருக்கிறது. அதில் சேரும் கடைக்கோ அலுவலகத்துக்கோ உரிமம் தேவையில்லை. பயனரின் அடையாளத்தைச் சரிபார்ப்பது அந்த அமைப்பின் வேலை.

யார் இதைச் செய்ய வேண்டாம்?

கணினியை ஒருவர் வந்து பார்த்துக்கொடுத்தால்தான் ஓடும் என்ற நிலையில் உள்ள அலுவலகம் இதில் இறங்க வேண்டாம். மாட்டிவிட்டுப் போனவர் வெளியூர் போய்விட்டால், பாஸ்வேர்டு தெரியாத பெட்டி ஒன்று சுவரில் மிஞ்சும். அவர்களுக்கு கெஸ்ட் வசதியோடு வரும் புது ரவுட்டரே மேல். மாற்றுவது என்று முடிவு செய்தால், ரவுட்டர் பாஸ்வேர்டு, ஐபி முகவரிகள், மாடல் வெர்ஷன் மூன்றையும் ஒரு தாளில் எழுதி சங்கத்தின் கணக்குப் புத்தகத்தோடு பூட்டி வையுங்கள். வருடத்துக்கு இரண்டு முறையாவது ஃபார்ம்வேரை அப்டேட் செய்யுங்கள். அப்டேட் செய்யாத கஸ்டம் ஃபார்ம்வேரும் பழைய ஃபார்ம்வேரைப் போலவே ஓட்டைதான்.

கடைசி முப்பது மீட்டர்

1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவக் கிராமத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். அன்று அங்கே வைஃபை இல்லை, ஸ்மார்ட்போனும் இல்லை. மையத்துக்குள் வந்த தகவலைக் கரைவரை கொண்டுபோனது ஒரு ஸ்பீக்கர்.

2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தில் அந்த ஸ்பீக்கரின் அருமை தெரிந்தது. முன்பு அந்த மையத்தில் தன்னார்வலராக இருந்து, சிங்கப்பூரில் வேலைக்குப் போயிருந்த ஒருவர், தொலைக்காட்சியில் செய்தி பார்த்து ஊருக்கு போன் செய்தார். மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை ஒலித்தது. ஊர்மக்கள் கரையை விட்டு ஓடி உயிர் தப்பினார்கள்.

இன்று பழவேற்காட்டின் சங்க அறை வரை ஃபைபர் வரலாம். கணினித் திரையில் அலை முன்னறிவிப்பும் வரலாம். அது முப்பது மீட்டர் தள்ளி வலை பின்னிக்கொண்டிருப்பவர் கைக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி. டிராயரில் கிடக்கும் அந்தப் பழைய ரவுட்டரை எடுத்து, அடியில் இருக்கும் வெர்ஷன் எண்ணை இன்றைக்கே ஒரு தடவை பார்த்துவிடுங்களேன்.